மைக் அத்தையின் இரண்டு வரிசைகள்

எங்கள் ஊரில் என் அத்தையின் முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரல் தெரியாதவர் ஒருவரும் கிடையாது. பேருந்து நிலையத்தின் மாடியில், கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது கிளம்பப்போகிறது, எது உள்ளே வருகிறது என்று மைக்கில் சொல்வது அவள் வேலை. வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. அந்தக் குரலைக் கேட்டுப் பாதி ஊர் ஓடும், மீதி ஊர் இன்னும் நேரமிருக்கிறது என்று இன்னொரு டீ சொல்லும்.

வேலையில் அவளுக்கு இரண்டு விதிகள். ஒன்று, எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். முதல் முறை ஜனங்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், இரண்டாவது முறைதான் காதில் வாங்குவார்கள். மற்றது, போகிற வண்டியைச் சொன்னால் கையோடு வருகிற வண்டியையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பழக்கமும் வீடுவரை கூடவே வந்துவிட்டன. "அடுப்புல பால் பொங்குது, அடுப்புல பால் பொங்குது" என்று அவள் நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் பால் அடுப்பையே அணைத்துவிடும்.

என் அம்மாவுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதற்குக் காரணமும் அந்த மைக்தான். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள், பக்கத்து ஊருக்குப் போன அம்மா திரும்பி வர நேரமாகிவிட்டது. அப்பா நிலையத்தில் இருப்புக்கொள்ளாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அண்ணன் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் அத்தை மைக்கை எடுத்து, 'எதிர்த் தெரு ரிப்பேர் கடைக்காரரின் மனைவி எங்கிருந்தாலும் உடனே வரவும், உங்கள் கணவர் மூன்றாம் நடைமேடையில் கண்கலங்கி நிற்கிறார்' என்று சொல்லிவிட்டாள். இரண்டு முறை. அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கிய அம்மாவை மொத்த நிலையமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு இருவரும் ஒரே அறையில் இருந்தாலும் பேச்சு என் வழியாகத்தான் போகும். "உங்க அத்தைய சாப்பிடச் சொல்லு" என்பாள் அம்மா. "சாப்பிட்டாச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பாள் அத்தை. நடுவில் சம்பளமில்லாத தபால்காரி நான். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும் அந்த உத்தியோகம் என்னை விடவில்லை.

அப்பாவை ஊரில் 'ஃபியூஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, தையல் மிஷின் மோட்டார் என்று எது நின்றுபோனாலும் அவர் கையில் ஓடும். கீழே கடை, மேலே வீடு. வாழ்நாளில் அவர் சேர்த்தது அந்தக் கட்டடம் ஒன்றுதான். ஒரு காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. நாங்கள் அழுது முடிப்பதற்குள் கடன்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அப்பா உயில் எழுதி வைத்திருந்தார் என்பதே அதை எழுதிக்கொடுத்த வக்கீலம்மா கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். சொத்து முழுக்க அம்மாவுக்கு. ஆனால் உயிலை நிறைவேற்றி வைக்கும் பொறுப்பாளராகத் தங்கையின் பெயரைப் போட்டிருந்தார். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "உங்கப்பாவுக்கு நான் ஒரு ஆளாவே தெரியலையா?" என்று என்னைக் கேட்டாள். கேள்வி யாருக்கென்று பக்கத்து நாற்காலியில் இருந்த அத்தைக்குத் தெரியும்.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கோர்ட்ல இந்த உயில் உண்மைதான்னு உத்தரவு வாங்கணும். புரோபேட்டுன்னு சொல்லுவாங்க. அது கைக்கு வந்ததும் கடன் எல்லாத்தையும் அடைக்கணும். கடன் தீர்ந்த பிறகுதான் சொத்து. முதல்ல இறுதிச் சடங்குச் செலவும் கோர்ட் செலவும். அடுத்தது கடையில வேலை பார்த்தவரோட சம்பளப் பாக்கி. அதுக்கப்புறம் வர்ற கடன்காரங்க எல்லாரும் சமம். முன்னாடி வந்தவர், சத்தம் போட்டவர்னு கணக்கு கிடையாது. ஆள் பார்த்துக் குடுத்தீங்கன்னா, வர்ற குறைய பொறுப்பாளர் தன் கையிலருந்துதான் போடணும்."

"பணம் பத்தலைன்னா?" என்று கேட்டேன்.

"கட்டடத்த வித்துத்தான் ஆகணும்."

அம்மா சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடன்காரர்களில் பெரிய தலை, உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஸ்பேர் முதலாளி. மோட்டார், செம்புக் கம்பி, கெப்பாசிட்டர் என்று அப்பா அவரிடம் கடனுக்கு வாங்கிக் குவித்திருந்தார். மனிதர் சிரித்த முகத்தோடுதான் வந்தார். "கட்டடத்த என் பேருக்கு எழுதிடுங்க. எல்லார் கடனையும் நான் பாத்துக்கறேன். எனக்கு ஒரு குடோன் ஆச்சு, உங்களுக்கும் கையில கொஞ்சம் மிஞ்சும்" என்றார். சொல்லிக்கொண்டே பையிலிருந்து டேப்பை எடுத்து எங்கள் மாடிப்படியின் அகலத்தை அளந்தார். பெட்டிகளை ஏற்ற வசதிப்படுமா என்று பார்த்தாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோர்ட் உத்தரவு கைக்கு வந்ததும், கடன் கொடுத்தவர்கள் இன்ன தேதிக்குள் தகவல் தர வேண்டும் என்று வக்கீலம்மா பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார். பொடி எழுத்து, உள்பக்கம், அதன் பக்கத்திலேயே பழைய கார் விற்பனை. அத்தைக்கு அதில் திருப்தியில்லை. "இத யாரு படிப்பா?" என்று கேட்டபடி அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் மாலை நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை முடிந்து வந்து நிலையத்தில் இறங்குகிறேன், தலைக்கு மேல் ஒலிபெருக்கி கரகரக்கிறது. "பயணிகள் கவனத்திற்கு. எதிர்த் தெரு ரிப்பேர் கடை உரிமையாளர் காலமாகிவிட்டார். அவர் யாருக்கெல்லாம் பணம் தர வேண்டுமோ, அவர்கள் தகுந்த ஆதாரத்துடன் ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்கு வரவும்."

நான் சிலையாகிவிட்டேன். கொஞ்சம் இடைவெளி விட்டு அதே குரல், அதே நிதானத்தில் தொடர்ந்தது. "அவருக்கு யாரெல்லாம் பணம் தர வேண்டுமோ, அவர்களும் வரவும்." பிறகு முழுவதும் இரண்டாவது முறை. பிறகு அடுத்த வண்டி, நான்காம் நடைமேடை.

படிகளைத் தாவி ஏறி அந்தக் கண்ணாடி அறைக்குள் நுழைந்தேன். "அத்தை, உங்களுக்கு என்ன ஆச்சு? கடன்காரங்களக் கூப்பிடத்தான் சொன்னாங்க. தர வேண்டியவங்கள யாரு கூப்பிடச் சொன்னா?"

அவள் மைக்கை அணைத்துவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "போற வண்டியச் சொல்லிட்டு வர்ற வண்டியச் சொல்லாம விடுவாங்களா?"

வக்கீலம்மாவிடம் போனில் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல், "பணம் தர வேண்டியவன் எந்த ஊர்லம்மா தானா வந்து நிப்பான்?" என்று கேட்டார். நிலைய மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. அரசாங்க மைக்கில் குடும்பக் கதை பேசியதாக அத்தைக்கு மெமோ கொடுத்து, விசாரணை முடியும்வரை மாடி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். மைக்கை ஒரு டிக்கெட் குமாஸ்தாவிடம் கொடுத்தார்கள். அவர் பேசினால் பேருந்துக்கே தூக்கம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் கடைவாசலுக்கு வந்து பார்த்தேன். தெரு அடைபட்டிருந்தது. அத்தை ஒரு சாக்பீஸை எடுத்து வாசலின் நடுவே நீளமாக ஒரு கோடு கிழித்தாள். மைக் இல்லாவிட்டால் என்ன, குரல் அவளுடையதுதானே. "பெற வேண்டியவங்க இடது பக்கம், தர வேண்டியவங்க வலது பக்கம்." இரண்டு முறை சொன்னாள். கூட்டம் மொத்தமும் இடது பக்கம் போய் நின்றது. வலது பக்கத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

மாடி ஜன்னலிலிருந்து அம்மா கீழே பார்த்தாள். "நல்லா இருக்கு உங்க அத்தை நடத்தற சந்தை" என்று என்னிடம் சொன்னாள். தெருவுக்கே கேட்டது.

இடது வரிசையில் உண்மையானவர்களும் இருந்தார்கள், காதில் பூ சுற்ற வந்தவர்களும் இருந்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவர் பொண்ண இன்ஜினியரிங் படிக்க வைக்க நான்தான் குடுத்தேன்" என்றார். "அந்தப் பொண்ணு நான்தாங்க. எனக்கே தெரியாம எப்ப இன்ஜினியர் ஆனேன்?" என்று கேட்டேன். அவருக்குத் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது. வக்கீலம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஆதாரம், ஆதாரம் என்று கேட்கக் கேட்க வரிசை இளைத்துக்கொண்டே வந்தது.

அப்போது ஒரு தையற்காரம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, நாய்க்குப் பக்கத்தில் நின்றார். "வலது பக்கம்தானே? என் மிஷின் மோட்டாரச் சரி பண்ணிக் குடுத்தாரு. காசு குடுக்கப் போனா, துணி தெச்சு முடி, அப்புறம் பாத்துக்கலாம்னாரு. அந்த அப்புறம் வரவே இல்ல." பணத்தை நீட்டினார். அத்தை வாங்கி ரசீது போட்டாள்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. முடிதிருத்துபவர் வந்தார். ஹாஸ்டல் வார்டன் வந்தார். "வண்டியில போயிட்டிருந்தேன், ஜன்னல் வழியா காதுல விழுந்துச்சு" என்று அடுத்த ஊரிலிருந்தெல்லாம் வந்தார்கள். கடைக்குள் அலமாரி முழுக்கச் சரிசெய்து வைத்த மிக்ஸிகளும் விசிறிகளும் கிடந்தன. அப்பா எதிலும் பெயர் எழுத மாட்டார். முகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். அவர் போனபின் எது யாருடையது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தோம். இப்போது அவரவரே உள்ளே வந்து, "அதோ, அந்த மூடி நசுங்கினது என்னுது" என்று அடையாளம் காட்டிப் பணத்தைக் கட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரே மின்விசிறிக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஓடவிட்டுப் பார்த்து, அதன் முனகலைக் கேட்டுத்தான் ஒருவர் விட்டுக்கொடுத்தார். நான் ரசீது எழுதி எழுதி விரல் வீங்கினாலும் நிறுத்த மனம் வரவில்லை. பணப்பெட்டி நிறைய நிறைய எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

வெயில் சாய்ந்தபோது வக்கீலம்மா கூட்டிப் பார்த்தார். செலவுகளும், கடையில் வேலை பார்க்கும் சோல்டர் அண்ணனின் சம்பளப் பாக்கியும் போய்விடும். சில்லறைக் கடன்களும் அடங்கிவிடும். ஸ்பேர் முதலாளியின் கடனில்தான் பெரிய துண்டு விழுந்தது. அவர் அதுவரை எதிர்க் கடை நிழலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையில இருக்கறத மொத்தமா எனக்குக் குடுத்துடுங்க" என்றார் வந்து. "மத்தவங்கெல்லாம் சின்ன ஆளுங்க, காத்திருப்பாங்க. வட்டியத் தள்ளிடறேன். பாக்கிக்கு அவகாசமும் தரேன்."

அம்மா மாடிப்படியில் இறங்கி வந்து நின்றாள். "சரின்னு சொல்லச் சொல்லு உங்க அத்தைய" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது, மறைக்கவில்லை. வீடு தப்பித்தால் போதும் என்றிருந்தது.

அத்தை தலையை ஆட்டினாள். "உங்கம்மாகிட்ட சொல்லு. எல்லாரும் ஒரே வண்டிக்கு டிக்கெட் எடுத்தவங்க. ஒருத்தர மட்டும் ஏத்திக்கிட்டு வண்டியக் கிளப்ப முடியாது."

"அப்ப வீடு போகட்டுங்கறாளா?" என்று கேட்டாள் அம்மா. ஸ்பேர் முதலாளி தோளைக் குலுக்கினார். விளம்பரத்தில் போட்ட கெடு வெள்ளிக்கிழமை முடிகிறது, அன்றைக்கே கட்டடத்தை விற்கச் சொல்லி கோர்ட்டில் மனுப் போடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நிலையத்தின் ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டன. குமாஸ்தா மைக்கைத் தட்டினார், ஊதினார், கத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்த கூத்தை எங்கள் ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கும். பல் பிடுங்கப் போக வேண்டியவர் வேறு வண்டியில் ஏறிக் கடற்கரையில் இறங்கினார். ஒரு முழு வாலிபால் அணி, ஆட வேண்டிய ஊரைத் தாண்டிப் போய் இறங்கிப் பந்தோடு நின்றது. கடைசியில் மேனேஜரே வியர்வையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து எங்கள் கடைக்கு வந்தார். ஆம்பிளிஃபயரைப் பார்க்க சோல்டர் அண்ணனை உடனே அனுப்ப வேண்டுமாம்.

சோல்டர் அண்ணன் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தார். "அக்கா, இனிமேலும் மறைச்சா சரியா வராது. அந்த ஆம்பிளிஃபயர், நிலையத்துல தொங்கற அத்தனை ஒலிபெருக்கி, எல்லாம் உங்கண்ணன் ரிப்பேர் பாத்ததுதான். வருஷா வருஷம் புதுசா சாமான் வாங்கிப் போடுவாரு. ஒரு பில்லுக்கும் காசு வந்ததில்ல."

"ஏன் கேக்கல?" என்றாள் அத்தை.

"கேட்டா உங்க ஒப்பந்தத்துல கை வச்சிடுவாங்கன்னு பயந்தாரு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாரு."

எனக்கு அப்போதுதான் எல்லாம் வெளிச்சமானது. ஸ்பேர் முதலாளியிடம் அப்பா கடனுக்கு வாங்கிக் குவித்த சாமான்களில் பாதி எங்கள் தலைக்கு மேல், நிலையத்தின் கூரையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அத்தை பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அப்பாவின் கடனில் ஏறித்தான் வெளியே வந்திருக்கிறது. படியில் நின்ற அம்மாவும் இதைக் கேட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "பில்லெல்லாம் என் மேஜையிலதாம்மா இருக்கு. ஹெட் ஆபீசுக்கு அனுப்பாம விட்டுட்டேன். பழைய கதை எதுக்கு? மெமோவ வாபஸ் வாங்கிடறேன். இந்த வருஷ ஒப்பந்தத்த இப்பவே போட்டுத் தரேன். நீங்க இன்னைக்கே மேல வந்து உக்காரலாம். பில்ல மறந்துடுங்க, ஆளை அனுப்புங்க."

அத்தைக்கு அந்த மைக் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். கல்யாணம் காட்சி என்று எதுவும் வேண்டாமென்று இருந்துவிட்டவள். வாடகைக்கு ஒற்றை அறை, காலையில் ஒரு படிக்கட்டு, அதன் உச்சியில் அந்த மைக். அவள் உலகமே அவ்வளவுதான். அவள் குனிந்து வாசலைப் பார்த்தாள். கோடு பாதி அழிந்திருந்தது, ஆனாலும் தெரிந்தது.

"வலது பக்கம் நில்லுங்க சார்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"வெறும் தங்கச்சியா இருந்தா நான் விட்டுடுவேன். இப்ப நான் பொறுப்பாளர். எங்கண்ணனுக்கு வரவேண்டியத நான் விட்டுக்குடுத்தா அது என் கையிலருந்து போகணும். என் கையில வாடகைக்கே சரியா இருக்கு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "வலது பக்கம் நில்லுங்க சார்."

சத்தியமாகச் சொல்கிறேன், மேனேஜர் நகர்ந்து வலது பக்கம் நின்றார். நாய் எழுந்து இடம் கொடுத்தது.

அன்றைக்கே வக்கீலம்மா ஹெட் ஆபீசுக்கு நோட்டீஸ் அனுப்பினார். ஜனங்கள் தப்பான ஊர்களிலிருந்து போன் செய்து வைத வசவு அதைவிட வேகமாக வேலை செய்தது. வெள்ளிக்கிழமை, வக்கீலம்மா அலுவலகத்தில் ஸ்பேர் முதலாளி மனுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெட் ஆபீஸ் அனுப்பிய காசோலையை நிலையத்திலிருந்து வாங்கிக்கொண்டு நான் ஓடி வந்தேன். செருப்பு ஒன்று நடுத்தெருவில் கழன்றது, எடுக்கத் திரும்பவில்லை. மூச்சு வாங்கக் காசோலையை மேஜைமேல் வைத்தேன். வக்கீலம்மா இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் முழுசா வருது" என்றார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, அழுகைதான் வந்தது. ஸ்பேர் முதலாளி மனுவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "படிக்கட்ட அளந்த கூலியும் சேர்த்துத் தரணுமா?" என்று கேட்டேன். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் சிரித்துவிட்டார்.

வீடு தப்பியது, மைக் போய்விட்டது. சோல்டர் அண்ணன் ஆம்பிளிஃபயரை உயிர்ப்பித்துக் கொடுத்த மறு வாரமே, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கில்லை என்று அத்தைக்குக் கடிதம் வந்தது. இப்போது நிலையத்தில் பதிவுசெய்த ஒரு குரல் பேசுகிறது. எதையும் ஒரே முறைதான் சொல்கிறது, அதனால் ஜனங்கள் இன்னமும் வண்டியைத் தவறவிடுகிறார்கள். அத்தை வாடகை அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டு, வெளியூரில் ஒரு துணிக்கடையில் வேலை இருப்பதாகவும் காதில் போட்டாள்.

கடைசிக் கணக்கைக் கோர்ட்டில் ஒப்படைக்கப்போகும் நாள். கடைவாசலில் நாங்கள் நாலு பேர்தான்: அத்தை, நான், வக்கீலம்மா, சோல்டர் அண்ணன். முறைப்படி ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று அத்தை எழுந்து நின்று, காலியான தெருவைப் பார்த்துச் சொன்னாள். "பெற வேண்டியவங்க யாராவது பாக்கி இருந்தா இடது பக்கம் வரவும். பெற வேண்டியவங்க யாராவது பாக்கி இருந்தா இடது பக்கம் வரவும்."

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா இறங்கி வந்து, அழிந்துபோன கோட்டுக்கு இடது பக்கம் நின்றாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் உத்தியோகத்தை அந்த நிமிஷமே ராஜினாமா செய்திருந்தேன். வேறு வழியில்லாமல் அவளே பேசினாள். "அண்ணி, இது பெற வேண்டியவங்க வரிசை."

"தெரியும். எனக்குப் பாக்கி இருக்கு."

"அண்ணன் உங்ககிட்ட வாங்கியிருந்தாரா? ஆதாரம் ஏதாவது இருக்கா?"

அம்மா என்னைக் கை காட்டினாள். "இதோ நிக்கறாளே, இவதான் ஆதாரம். இத்தனை வருஷமா நீ இவ வாயில குடுத்து அனுப்பின பேச்செல்லாம் எனக்கு நேரா வரவேண்டியது. ஒண்ணுகூட வந்து சேரல." மாடியை நிமிர்ந்து பார்த்தாள். "மேல பின்பக்க ரூம் காலியாத்தான் இருக்கு. பெட்டிய எடுத்துட்டு வந்துடு."

எதையும் இரண்டு முறை சொல்கிற அத்தைக்கு அன்று ஒரு முறைகூடச் சொல்ல வரவில்லை. அம்மாதான் இரண்டாவது முறையும் சொன்னாள்.